அரவேணுவிலிருந்து ஜெயாவுக்கு

அரவேணு, கோத்தகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெயா,

பொங்கலுக்கு நீ அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், இரு. திருநெல்வேலி வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இங்கே எல்லாரும் சுகம். பச்சைத் தேயிலை விலை வழக்கம் போலத்தான். கார்த்தி பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருக்கிறான். ராகினி டீச்சரை மார்க்கெட்டில் பார்த்தேன். அதே குடை, அதே கேள்வி!

இன்று இரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் அண்ணன் கொண்டுவந்த அந்தப் பெட்டி. 2013 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கார்த்திக்குக் கொடுத்தாரே, பிளேஸ்டேஷன் 3 என்கிற சோனி வீடியோ கேம் பெட்டி, கூடவே கேமராவும், நுனியில் பந்து எரியும் கோலும், வண்டர்புக் என்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகமும். கார்த்திக்கு அப்போது எட்டு வயது. புத்தகம் என்றாலே எழுந்து ஓடுகிற பிள்ளை.

நேற்று தம்பி மகள் மீனு பரணில் ஏறி அதை எடுத்து வந்துவிட்டாள். ஆறு வயது அவளுக்கு. 12 பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல கதையே இல்ல"ன்னு நீட்டினாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது ஜெயா. அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது கேமரா அடையாளம் கண்டுகொள்வதற்கான கோலம் மட்டும்தான்.

உனக்கு நினைவிருக்கும், நீ ஒரு மே மாதம் வந்தபோது பார்த்தாய். புத்தகத்தைத் தரையில் விரித்து, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கட்டிலை ஒதுக்கி, பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைக்கணும். டிவியில் அவனே தெரிவான், மடியருகே புத்தகம் தெரியும், அதிலிருந்து நெருப்பும் தண்ணீரும் எழும்பும். ஆக்மென்டட் ரியாலிட்டி என்றார்கள். மிகை மெய்ம்மை என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். கேமரா எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கோலத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அதன்மேல் படத்தை வைத்துக் காட்டும். ஒரே புத்தகம்தான், டிஸ்க் மாற்றினால் கதை மாறும். 2012 நவம்பரில் முதலில் வந்தது ஹாரி பாட்டர் உலகத்து மந்திரங்கள். அடுத்த வருஷம் மருந்து காய்ச்சுவது ஒன்று, டிக்ஸ் என்கிற புத்தகப் புழு துப்பறியும் கதை ஒன்று, பிபிசியோடு சேர்ந்து செய்த டைனோசர் ஒன்று. மொத்தம் நாலோடு கதை முடிந்தது. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்துவிட்டது, அதில் இந்த டிஸ்க்குகள் ஓடாது. இதைச் செய்த லண்டன் ஸ்டுடியோவையே மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் சோனி அறிவித்துவிட்டது.

நம் வீட்டுப் பெட்டி இப்போது டிஸ்க்கைப் படிப்பதில்லை. குன்னூரில் ஒரு கடையில் காட்டினோம், பார்ட்ஸ் கிடைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கார்த்தியிடம் கேட்டு, அவனோடு உட்கார்ந்து இதன் பூர்வீகத்தையே படித்தேன். 2001-இல் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட், ஹிரோகாசு கட்டோ, இவான் பூபிரெவ் என்று மூன்று பேர் மேஜிக்புக் என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கையில் பிடிக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்தின்மேல் உருவங்கள் எழுந்து நிற்கும். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டால் அது சாதாரணப் புத்தகம்: படம் பார்க்கலாம், எழுத்தைப் படிக்கலாம். இதைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். பதினோரு வருஷம் முன்னாலேயே ஒருவருக்குத் தோன்றியது பின்னால் வந்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? பக்கத்துக்கு நாலு வரி கதை அச்சடித்திருந்தால் இன்றைக்கு மீனு படித்திருப்பாளே! குழந்தைக்குக் கொடுக்கிற புத்தகம் மெஷின் செத்த பிறகும் புத்தகமாக இருக்கணும். இதை மட்டும் நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனாலும் அதை மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. கார்த்தி உட்கார்ந்தானே! கை பக்கத்தில், கண் டிவியில் என்று நீ அன்றைக்கே குறை சொன்னாய், உண்மைதான். ஆனால் நம் வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி அறை இருட்டிவிடும், கேமராவுக்குப் பக்கம் தெரியாது, எழும்பி நின்ற டைனோசர் சட்டென்று மறைந்துவிடும். கார்த்தியின் அப்பா எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அந்த இங்கிலீஷ் பேச்சு கார்த்திக்குப் பாதி புரியாது, அதனால் அவர்தான் தமிழில் சொல்லுவார். அவருக்கும் பாதிதான் புரியும், மீதியை அவரே இட்டுக்கட்டுவார். பெரிய டைனோசர் வந்தால், "பயப்படாதடா, நம்ம தோட்டத்துக் காட்டெருமை மாதிரிதான். ஒதுங்கி நின்னா அது பாட்டுக்குப் போயிடும்" என்பார்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவர் குரல் எங்கேயும் பதிவாகி இல்லை என்று நான் உன்னிடம் அழுதிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் கரண்ட் இல்லை. மீனு புத்தகத்தை வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கார்த்தி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, "இங்கேதான் எலும்பு புதைஞ்சிருக்கும், மண்ணைத் தள்ளு" என்று ஆரம்பித்தான். ஒவ்வொரு பக்கமாகப் போனான். ஒரு கேமுக்கும் இன்னொரு கேமுக்கும் முடிச்சுப் போட்டான். டைனோசரைத் துப்பறிய டிக்ஸ் புழு போனது. நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். "பயப்படாத, காட்டெருமை மாதிரிதான்" என்றான் ஜெயா. அதே இழுவை. "அது பாட்டுக்கு" என்ற இடத்தில் அதே நிறுத்தம். அவனுக்கே அது தெரியவில்லை. பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவில்லை.

இப்போது ஒரு யோசனை கேட்கிறேன். மீனு அந்தப் பக்கங்களில் படம் வரையணும் என்கிறாள். கோலத்தின்மேல் கிறுக்கினால் கேமராவுக்கு அந்தப் பக்கம் அடையாளம் தெரியாமல் போகலாம், நாளைக்கு வேறு பெட்டி கிடைத்தாலும் பிரயோஜனம் இருக்காது என்கிறான் கார்த்தி. வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து மனசு சரியில்லை. அவர் இருந்தால் கலர் பென்சில் வாங்கிவர அப்போதே ஜான்ஸ்டோன் ஸ்கொயருக்குக் கிளம்பியிருப்பார்.

அண்ணனிடம் கேள்: வேலை செய்கிற பழைய பிளேஸ்டேஷன் 3 யாரிடமாவது இருக்குமா? காசு கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு தடவை மீனுவுக்கு அதை ஓட்டிக் காட்டணும். அப்புறம் பென்சிலை அவள் கையில் கொடுத்துவிடுவேன். இருபது நாள் பார்ப்பேன், பதில் வராவிட்டால் முன்னாலேயே கொடுத்துவிடுவேன். ஆறு வயது அதுக்கு மேல் காத்திருக்காது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை இன்னும் தைலம்தானா? அரைக் கிலோ டீத்தூள் கார்த்தி கையில் கொடுத்து அனுப்புகிறேன், பெங்களூரிலிருந்து உனக்கு பார்சல் போடுவான். மாமிக்கு என் நமஸ்காரம்.

உன்
வசந்தா