ஃபுளூரின் வாயுக்களை உடைத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் கரிம வரி 2026ஆம் ஆண்டுக்கு, வெளியேற்றும் கரியமில வாயு டன்னுக்கு 45 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து நம்மிடையே மின்கட்டணத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. அதே வரிக்கு உட்பட்ட ஃபுளூரின் வாயுக்களை, அதாவது ஃபுளூரின் அடங்கிய சேர்ம வாயுக்களை, நாம் கவனிப்பதே இல்லை. பகுதிமின்கடத்தித் தொழிற்சாலைகளில் சில்லுகளைச் செதுக்கவும் கலன்களைத் தூய்மைப்படுத்தவும் இவை பயன்படுகின்றன. இவற்றுள் ஒன்றான சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு ஒரு டன் வெளியேறினால், புவியை வெப்பமாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 23,500 டன் கரியமில வாயுவுக்குச் சமம். வரியாகக் கணக்கிட்டால் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டும். இன்னொன்றான கார்பன் டெட்ராஃபுளோரைடு காற்றில் சுமார் 50,000 ஆண்டுகள் அழியாமல் இருக்கும்.

ஆகவே, புகைபோக்கியை எட்டும் முன்பே இவற்றை உடைத்தாக வேண்டும். எரித்து உடைப்பது பழகிய வழி. ஆனால், கழிவுக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன் என்பதால், சிறிதளவு வாயுவுக்காக அத்தனையையும் சூடேற்ற எரிபொருள் செலவாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகின்றன. லேசர் ஒளியால் உடைக்கும் வழியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. கரியமில வாயு லேசரின் 10.6 மைக்ரோமீட்டரையொட்டிய ஒளியை சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு நன்கு உட்கொள்ளும், நைட்ரஜன் உட்கொள்ளாது. ஒரே மூலக்கூறு பல ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) அடுத்தடுத்து ஏற்று உடைவதை 1970களிலேயே ஆய்வாளர்கள் காட்டி, அதைக் கொண்டு கந்தக ஐசோடோப்புகளையும் (எடையில் மாறுபட்ட கந்தக அணுக்களையும்) பிரித்தார்கள்.

எனினும், வளிமண்டல அழுத்தத்தில் மூலக்கூறுகள் இடைவிடாது மோதிக்கொள்வதால், அந்த ஆற்றல் விரைவில் வெறும் வெப்பமாகச் சுற்றிலும் பரவிவிடும். கார்பன் டெட்ராஃபுளோரைடு வேறோர் அலைநீளத்தை உட்கொள்வதால் இந்த லேசர் அதற்குப் பொருந்தாது. ஆகவே ஒளியுடன் வெப்பத்தையும் சேர்த்தே கையாள வேண்டியிருக்கும். இவற்றைவிட முக்கியமானது, உடைந்த துண்டுகள் மறுபடியும் சேர்ந்துவிடும் என்பது. ஃபுளூரினைப் பற்றிக்கொள்ள ஹைட்ரஜனோ நீராவியோ உடனிருக்க வேண்டும். அப்போது உருவாகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு, தோலையும் எலும்பையும் அரிக்கும் நச்சு. அதைச் சுண்ணாம்பு நீரில் கழுவிக் கால்சியம் ஃபுளோரைடாக மாற்றும் வரை வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது.

கரிம வரி வருவாயில் ஒரு பங்கை, நம் பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து நடத்தும் இத்தகைய ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் வெற்றியை லேசர் எவ்வளவு உடைத்தது என்பதைக் கொண்டு அளக்காமல், கழுவிய பின் புகைபோக்கியில் எந்த வாயு எவ்வளவு எஞ்சியது என்பதை அளந்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்