கியர்பாக்ஸ் எண்ணெய்க்கும் கூலர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெயில் ஏறினால் ரேடியேட்டரில் கூலன்ட் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று கேட்பார் இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் எஞ்சினுக்கு மட்டும் உரியது. கியர்பாக்ஸ் எண்ணெய் கருகினாலும் அது அசையாமல் நிற்கும்.

சூடு பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டரில், அதாவது எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தில் பிறக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றி, சக்கரம் மெதுவாக உருளும்போது வீணாகும் சக்தியெல்லாம் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. நெரிசலில் ஊர்வது, டிரெய்லர் இழுப்பது இரண்டும் இதற்குக் காரணம். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இன்னும் மோசம், அதை இன்றே விட்டுவிட வேண்டும். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய்க்குக் கவலையில்லை. 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் வார்னிஷ் போலப் படிந்து வால்வுகள் ஒட்டும், ரப்பர் சீல்கள் இறுகும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு மேலும் ஏறும்.

அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் இந்த எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர் பொருத்தலாம். எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போய், பிறகு புதிய கூலர் வழியாக கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். கூலன்ட் ஹோஸ் எண்ணெயில் ஊறிக் கெடும், கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே உள்ள ஹோஸ்தான் தேவை. ரேடியேட்டர் தகடுகளின் ஊடே பிளாஸ்டிக் டை போட்டுக் கூலரைக் கட்டுகிறார்கள். அதிர்வில் உரசி உரசிக் குழாயே ஓட்டையாகும், பிராக்கெட்டில்தான் பொருத்த வேண்டும். புதிய கூலரும் ஹோஸும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொள்வதால், எஞ்சினை ஓட்டிய பின் அளவை மறுபடி பார்த்துக் குறைவதை ஊற்றுங்கள். அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான், நுரைத்த எண்ணெய் அழுத்தம் தராது.

பலரும் கோட்டைவிடுவது கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும்போது. பழைய பிளேட்டுகளின் தூளும் இரும்புத் துகளும் கூலருக்குள் தங்கியிருக்கும். கூலரை அப்படியே மாட்டினால் அத்தனையும் புதிய பாகங்களுக்குள் வந்துசேரும், அடைத்த கூலரில் ஓட்டமும் குறையும். கழுவி, எண்ணெய் தாராளமாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். அடுக்குத் தகடு வகைக் கூலரைக் கழுவி முழுவதும் சுத்தம் செய்வது கடினம், மாற்றிவிடுவதே மேல்.

எண்ணெய் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளேட்டின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைக் கூலன்ட் கரைத்துவிடும்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்