ஒன்பதாம் பாட்டைப் பற்றி

கல்லடி,
மட்டக்களப்பு.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் உன் பதிலை எனக்கு முதலே அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிடுவாள். அதனால்தான் கடதாசி. கையெழுத்து முன்போல் இல்லை, பொறுத்துக்கொள்.

உன் அல்பத்தை முழுக்கக் கேட்டோம். பக்கத்து வீட்டுப் பொடியன் தன் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தான். அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையை மடியில் வைத்தபடியே இருந்துவிட்டாள். முதல் பாட்டு முடிந்ததும் "இவன் பாடவும் செய்வானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பதினாலு வருடம் அந்தக் குழுவில் பாடுகிறவனுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் நின்று வாசித்தவன் நீ. உன் குரலை நாங்கள் கேட்க இத்தனை காலம் எடுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடுகிற இடத்தில் இரண்டு பேருக்குப் போனில் போட்டும் காட்டினேன். ஒருவர் "சத்தம் கொஞ்சம் கூட" என்றார். அவருக்கு எப்போதும் பொறாமை.

நாலாம் பாட்டை றொக் என்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு அது வந்தாறுமூலையில் களரியைச் சுற்றிப் பாயை விரித்து விடியவிடியப் பார்த்த வடமோடிக் கூத்து. மத்தளம் ஓங்கி வந்து சட்டென்று நிற்க, சல்லரி மட்டும் தனியே போகுமே, அந்த இடம். தாத்தாவின் மடியில் நித்திரையாகிக் கிடந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாய்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வீடியோவில் கன்னம் ஒட்டியிருக்கிறது.

இங்கே செய்தி என்றால், கிணற்றுக்கட்டு வெடித்ததைப் பூசிவிட்டோம். பெரியம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. முற்றத்து மா இந்தமுறை நன்றாகப் பூத்தது, மழை வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. அந்த வீடியோவில் கமரா உன் இடது கைக்கு மிகவும் கிட்ட வருகிறது. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் இருக்கிறது. மோதிரத்தைக் காணவில்லை. தந்தியில் படும், வாசிக்கும்போது கழற்றி வைப்பார்கள் என்று பொடியன் சொன்னான். சரி, இருக்கும்.

அல்பத்தின் பின்பக்க எழுத்தையும் அவன்தான் பெரிதாக்கிக் காட்டினான். கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், பாட்டு, ஒலிப்பதிவு, எல்லாவற்றுக்கும் உன் பெயர் ஒன்றுதான். கீழே நன்றி சொன்ன இடத்தில் அம்மா, அப்பா, உனக்கு முதன்முதல் கற்றுத்தந்த மாஸ்டர். அவ்வளவுதான். பட்டியல் கட்டையாக இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். இடம் போதாமல் இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

இந்தத் 'தனி அல்பம்' என்பது என்ன என்று அந்தப் பொடியனிடம் விசாரித்தேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிற்றார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் கதையைச் சொன்னான். 1962இல் தொடங்கிய குழு, அவருடைய முதல் தனி அல்பம் வந்தது 1988இல். இருபத்தாறு வருடம்! பாடகருக்கும் அவருக்கும் மனத்தாங்கலாம், குழு அசையாமல் கிடந்ததாம். அடுத்த வருடமே, 1989இல், இரண்டு பேரும் சேர்ந்து புது அல்பம் போட்டு ஊர் ஊராக வாசிக்கவும் போய்விட்டார்கள். இன்னொன்றும் சொன்னான். அவர் தனியாகச் செய்தபோதும் ட்ரம்ஸுக்கு ஆள், பேஸுக்கு ஆள் என்று பக்கத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டாராம். தனி என்பது பெயருக்குத்தான். உன்னுடையதில் எல்லாமே நீ. தாளமும் நீயே அடித்திருக்கிறாய். ஒரு மனுசன் ஒரு வீட்டுக்குள் இருந்து இவ்வளவையும் செய்வதென்றால் எத்தனை இரவு போயிருக்கும்? அந்த இரவுகளில் யார் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது?

குழுவோடு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. உங்கள் பாடகனின் தாய் சந்தையில் என்னைக் கண்டால் சுகம் விசாரிக்கிறா, நானும் விசாரிக்கிறேன். இரண்டு பேரும் பிள்ளைகளின் பெயரை எடுப்பதில்லை. நீ அவனுக்கு ஒரு போன் எடு. யாருக்காவது எடு. காசை எண்ணிச் செலவழி. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்பதாம் பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு முனகல் சத்தம் வருகிறதே, கடைசியாக வந்து நின்றபோது பழைய பாலத்தடியில் தோணியில் போய், தண்ணீரில் துடுப்பை ஊன்றி, அதில் போனைப் பிடித்து எடுத்தது என்று கேட்டவுடனே தெரிந்தது. பாடுமீன் என்று ஊர் சொல்லும். பாடுவது மீனில்லை, ஊரி என்கிற சின்னச் சங்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு நீ கடலைப் பார்த்துக் கேட்கிறாய், என் கிற்றாரைக் கொண்டுபோனாயே, வாசிக்கப் பழகிவிட்டாயா என்று. அந்த இடத்தில் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் எழும்பவில்லை. பொடியன் இருந்தான்.

மகன், அந்தக் கிற்றாரைக் கடல் கொண்டுபோகவில்லை. நான் விற்றேன்.

2004 நவம்பரில். நீ கொழும்பில் சித்தப்பா வீட்டில் இருந்து இரண்டாந்தரம் ஏ.எல். எழுதப் படித்துக்கொண்டிருந்தாய். கணித வாத்தியாரின் மகன் கணிதத்தில் வெறும் 'எஸ்', சாதாரண சித்தி, எடுத்தான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இனி அது வீட்டில் இருக்கக்கூடாது என்று டவுனில் ஒரு பறங்கித் தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 4,500 ரூபாய். அந்தக் காசுதான் உன் ரியூஷன் காசாகக் கொழும்புக்கு வந்தது. பொங்கலுக்கு நீ வரும்போது சொல்லுவோம் என்று இருந்தேன்.

டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிறு, போயா நாள். கடல் வந்தபோது நானும் அம்மாவும் பாலத்துக்கு அந்தப்பக்கம் மாமி வீட்டில் இருந்ததால் தப்பினோம். மூன்றாம் நாள் நீ வந்து சேர்ந்தாய். திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது. நம் வீட்டில் அடித்தளமும் கிணறும்தான் மிச்சம். நீ அந்தச் சேற்றில் செருப்பில்லாமல் நின்று, முதலில் அம்மாவைக் கட்டிப்பிடித்தாய், பிறகு "கிற்றார்?" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. கையை மட்டும் கடல் பக்கம் காட்டினேன். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நின்றார்கள். அந்தக் கடலின் கணக்கில் நான் ஒரு கிற்றாரையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். ஒரு சொல் கேட்கவில்லை.

நீ பதினைந்து வயதில் என் இரும்பு அடிமட்டத்தை எடுத்து அதன் தந்தியை அளந்தது ஞாபகமா? மேலிருந்து கீழ்வரை 65 சென்ரிமீற்றர், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது, பன்னிரண்டாவது பிரெட், சரியாக 32.5இல். மற்றக் கம்பிகள் ஏன் சம தூரத்தில் இல்லை என்று கேட்டாய். இரண்டின் பன்னிரண்டாம் மூலம் என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். 1.0595. ஒவ்வொரு பிரெட்டுக்கும் மிச்சத் தந்தியை அதால் வகுத்துக்கொண்டு வா என்றேன். நீ வகுத்தாய், அளந்தாய், ஒவ்வொன்றும் அப்படியே வந்தது. பிறகு விபுலாநந்த அடிகளைப் பற்றிச் சொன்னேன். காரைதீவு மனுசன், விஞ்ஞானம் படித்தவர், பழைய யாழுக்கு வருடக்கணக்காகக் கணக்குப் போட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டு, அடுத்த மாதமே கண்ணை மூடினவர். அவருடைய சமாதியைக் கடந்துதான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். இதையெல்லாம் உனக்குச் சொன்ன வாயோடு போய் 4,500க்குப் பேரம் பேசியவனும் நான்தான்.

அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் டவுனில் ஒரு பறங்கியர் கல்யாண வீட்டில் வயலினுக்குப் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக்குக் கீழே நுளம்புச்சுருள் சுட்ட கறுப்பு, பெருவிரல் நகம் அளவு, அப்படியே இருந்தது. பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன். போன கிழமை தச்சரின் மகனைப் போய்க் கண்டேன். கழுத்தை ஒருமுறை மாற்றியிருக்கிறார்களாம். கேட்டால் தருவேன் என்றான். வாங்கி வைக்கவா, அவர்களிடமே இருக்கட்டுமா, நீ சொல்.

கோபம் வந்தால் திட்டி எழுது. பாட்டை மாற்றாதே, அது நல்ல பாட்டு. நீயும் எதையாவது எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், அதற்கு உன்னைக் குறை சொல்ல என்னால் ஏலாது. என்னிடம்தானே வளர்ந்தாய்.

அடுத்த மாதம் முன்வீட்டுப் பிள்ளை ரொறன்ரோ வருகிறா. அம்மா அவவிடம் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் கொடுத்துவிட எடுத்து வைத்திருக்கிறாள். மருமகளுக்குப் பிடிக்கும் என்று எள்ளுருண்டை தனியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் எடுக்காமல் விட்டு நாலு மாதம். வேலை கூட என்று அம்மா சொல்கிறாள், நானும் ஓம் என்கிறேன். எல்லாம் இரண்டு பேருக்கு என்று அளந்து கட்டியிருக்கிறாள். அளவைக் குறைக்கச் சொல்வதா, வேண்டாமா, அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது.

அன்புடன்,
அப்பா