டிரம் ஏன் நீலமாச்சுன்னு பாரு, யய்யா

வண்ணாரப்பேட்டை,
திருநெல்வேலி.

அன்புள்ள மகனுக்கு,

நீ ஆம்னி பஸ்ல போட்டுவிட்ட பார்சல் வந்து சேந்துட்டு. ஒங்க டிராக்குல வாடகைக்கு விடுற கோ-கார்ட்டுல, அதான் அந்தக் குட்டி ரேஸ் வண்டியில, எரிஞ்சுபோன ரெண்டு கிளட்ச்சும் பத்திரமா இருக்கு. போன்ல சொல்லலாம்னா, டிராக்குல எஞ்சின் சத்தத்துல பாதி ஒனக்குக் கேக்கவே மாட்டேங்கு. மீதிக்கு "சரிம்மா, சரிம்மா"ங்க. அதான் எழுதுதேன். ராத்திரி டிராக்க அடைச்ச பொறவு ஆற அமர வாசி.

நீ கேட்டது, சப்ளையர் மட்டச் சரக்க அனுப்பி ஏமாத்திட்டான், கன்சூமர் கோர்ட்டுக்குப் போகலாமான்னு. ஒங்க அப்பா ரெண்டையும் பெஞ்சுல வச்சுப் பிரிச்சாவ. நானும் கடையப் பையன்கிட்ட விட்டுட்டுப் பக்கத்துல போயி நின்னேன். டிரம்மோட, அதான் கிளட்ச்சோட வெளிக்கூட்டோட, உள்பக்கம் பூராவும் மயில்கழுத்து நெறத்துல நீலம் பாஞ்சு கெடக்கு. டிரம்மக் கவ்வுற ஷூவ வெளிய எடுத்தா மேல்பரப்பு பளபளன்னு இருக்கு. நகத்த வச்சு இழுத்தா வழுக்கிட்டுப் போகுது. ஸ்பிரிங்க விட்டா சுருங்கவே மாட்டேங்கு, சுருளுக்குச் சுருள் எடவெளி தெரியுது. நடுவுல ஷாஃப்ட்டு சுத்துற வெண்கல வளையம், அந்த புஷ்ஷுல, சொட்டு எண்ணெய் கெடையாது. கறுத்த பொடிதான் உதிருது, ஓட்டையும் ஒரு பக்கமாத் தேஞ்சு வட்டம் கோணிப்போச்சு.

இரும்பு இப்படி நீலம் பூக்கணும்னா 300 டிகிரி பக்கம் சூடு ஏறியிருக்கணும்னு அப்பா சொன்னாவ. லேத்துல ஆழமாச் சீவுனா துருவல் நீலமா வரும்லா, அதே நீலம். மட்டச் சரக்கா இருந்தா ஷூ மேல ஒட்டியிருக்க லைனிங் பிஞ்சு வரும், இல்ல ஷூவே ஒடைஞ்சிருக்கும். இதுல அப்படி ஒண்ணுமில்ல. நீயே சொன்ன, ஒண்ணு கோயம்புத்தூர் கடையில வாங்குனது, இன்னொண்ணு டெல்லியிலருந்து வரவழைச்சதுன்னு. ரெண்டு கடைச் சாமானும் ஒரே வண்டியில ஒரே மாதிரி எரிஞ்சிருந்தா கடைக்காரன என்னத்துக்கு ஏசணும்? எரிக்கிறது ஒன் வண்டி. மூணாவது வாங்கி மாட்டினாலும் அதையும் எரிச்சிரும்.

களக்காட்டு வாழைக்காரங்க பிரஷ் கட்டரத் தூக்கிட்டு வந்து, "ஆக்சிலேட்டர அமுக்காமலே பிளேடு சுத்துது அண்ணாச்சி"ன்னு அப்பாகிட்ட நிப்பாங்கல்லா, அதே கததான் இது. உள்ள ஷூ, அத இழுத்துப் பிடிச்சிருக்க ஸ்பிரிங்கு. எஞ்சின் வேகம் ஏற ஏற ஷூ வெளிப்பக்கமா விரிஞ்சு டிரம்மக் கவ்வும். பழைய டி.வி.எஸ். 50-லயும் இந்தச் சூத்திரந்தான். ஒன் வண்டியில இருக்க ஹோண்டா ஜி.எக்ஸ். எஞ்சினுக்கு கம்பெனிக்காரன் சொல்ற ஐடிலிங், அதான் ஆக்சிலேட்டரத் தொடாம எஞ்சின் சும்மா ஓடுற வேகம், நிமிஷத்துக்கு 1400 சுத்து (ஆர்.பி.எம்.) சுமாருக்கு. கிளட்ச் கவ்வ ஆரம்பிக்கிறது பொதுவா 1800-க்கும் 2000-க்கும் நடுவுல. அந்த எடவெளி இருக்கிறவரைக்கும் கிளட்ச்சுக்கு ஒண்ணும் ஆகாது.

நீ அனுப்புன வீடியோவ அப்பா திருப்பித் திருப்பிப் பாத்தாவ. வண்டி பிட்டுல நிக்கி, ஓட்டுறவரு பிரேக்க மிதிச்சிட்டு இருக்காரு. அவரு காலை எடுத்ததும், ஆக்சிலேட்டரத் தொடாமலே வண்டி பைய முன்னால நகருது பாத்தியா? காலையில நின்னு நின்னு போகுதுன்னு ஒன் பயலுவ எவனோ ஐடில் ஸ்க்ரூவத் திருகிவிட்டிருக்கான். இப்போ வண்டி வரிசையில நிக்கிற நேரமெல்லாம் ஷூ டிரம்மத் தேச்சிட்டே இருக்கு, பிரேக்கு வண்டியப் பிடிச்சு நிறுத்துது. சூடு வேற எங்க போகும்? பிளக் வயர்ல சுத்தி வச்சாக் காட்டுற சின்ன ஆர்.பி.எம். மீட்டர் கெடைக்கும், அதுல ஒண்ணு வாங்கி ஐடிலிங்க 1400-க்கு எறக்கு. காலையில குளிர்ந்த எஞ்சின் நின்னா சோக்கப் போடச் சொல்லு. சூடான பொறவும் நின்னா கார்புரேட்டர்ல ஐடில் ஜெட்டு அடைச்சிருக்கும், அதச் சுத்தம் பண்ணணும். ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டுப் பெயிண்டு வச்சு விடு, எவன் தொட்டான்னு அப்போ தெரிஞ்சிரும்.

புஷ்ஷு விஷயம் எனக்கே இப்பத்தான் வெளங்குச்சு. வண்டி ஓடையில ஷாஃப்ட்டும் டிரம்மும் சேந்துதான் சுத்துது, அதனால புஷ்ஷுக்கு வேலையே இல்ல. வண்டி நிக்கும்போதுதான் டிரம்மு நிக்கி, ஷாஃப்ட்டு உள்ள சுத்துது, புஷ்ஷு தேயுது. ஒங்க டிராக்குல வண்டி ஓடுற நேரத்த விட எஞ்சின் ஓடிட்டு வரிசையில நிக்கிற நேரந்தானே கூட? ஆள் ஏறுறவரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லு, பெட்ரோலும் மிச்சம். புஷ்ஷுக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். பாசத்துல ஊத்திராத, வழிஞ்சு ஷூவுல ஏறிச்சுன்னா வழுக்க ஆரம்பிச்சிரும். அதே மாதிரி செயினுக்கு எண்ணெய் போட்டா துடைச்சிட்டு ஓட்டு. கிராங்க் சீல் கசியுதான்னும் பாத்துக்கோ.

அடுத்தது ஒங்க மொதலாளியோட வேக ஆச. அச்சுல 72 பல்லுச் சக்கரத்தக் கழத்திட்டு 60 பல்லு போட்டோம்னு நீ சொன்னப்பவே அப்பா நெத்தியில கைய வச்சாவ. முன்னால 12 பல்லு. 72-ன்னா ஆறுக்கு ஒண்ணு, 60-ன்னா அஞ்சுக்கு ஒண்ணு. எஞ்சின் வேகத்துக்குக் கடிவாளம் போடுற கவர்னர் 3600 ஆர்.பி.எம்.ல நிறுத்துனா, 11 இஞ்ச் டயருக்கு மணிக்கு 31 கிலோமீட்டர் சொச்சம் போன வண்டி 38 போகும். கோயம்புத்தூர், ரேஸ்காரரு நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போன ஊருதான், இல்லேங்கல. ஆனா வாடகை வண்டியில அந்த ஆறு கிலோமீட்டருக்காக ஒவ்வொரு வளைவுலயும் வேகம் எறங்கி ஏறும்போது கிளட்ச் கூட நேரம் வழுக்குது. ஒங்க டிராக்குல வளைவுதான் சாஸ்தி, நேர்ப்பாதை கம்மி. பழைய 72-ஐயே போடு. மொதலாளி கேட்டா இந்தக் கணக்கச் சொல்லு.

இன்னொண்ணு, வாறவங்க முக்காவாசிப் பேரு ரெண்டு பெடலையும் ஒரே நேரத்துல மிதிக்காங்க. பிரேக்க மிதிச்சா ஆக்சிலேட்டர் தன்னால எறங்குற மாதிரி ஒரு லிங்க்கு வச்சுத்தான் வாடகை வண்டிய விடணும். ஒன் வண்டியில அது இருந்துச்சா, கழத்திப் போட்டுட்டீங்களான்னு பாரு. பொம்பளப் பிள்ளைங்க ஏறும்போது துப்பட்டாவையும் பின்னலையும் உள்ள சொருகச் சொல்லி நீயே நின்னு பாரு, பயலுவள நம்பாத. செயினத் தொடுறதுக்கு முன்னால பிளக் தொப்பியக் கழத்து. பின்னால ஸ்டாண்டு போட்டுத் தூக்கிச் சக்கரத்தக் கையால சுத்திப் பாரு, பிரேக்கு பேடு ஒரசுனா அதுவும் கிளட்ச்சுக்குச் சுமைதான்.

இப்போ சப்ளையர் கத. இதுல ஒங்க அப்பாவ விட எனக்குத்தான் தெரியும், கவுன்டர்ல ஒக்காந்திருக்கிறது நான்லா.

நீ அந்த ஆளுக்குப் போட்ட வாட்ஸப்பப் பாத்தேன். "கோ-கார்ட் கிளட்ச் ஒண்ணு அர்ஜென்ட்டா அனுப்புங்க." இப்படி எனக்கு ஒருத்தன் போட்டா, எது கையில நெறைய இருக்கோ அதத்தான் நான் அனுப்புவேன். ஒன் எஞ்சின்ல ஷாஃப்ட்டு முக்கால் இஞ்ச்சும் வரும், 20 மில்லிமீட்டரும் வரும். முக்கால் இஞ்ச்சுன்னா 19.05. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். 20 மில்லி ஓட்டைய 19.05 ஷாஃப்ட்டுல மாட்டி, ஆடுதேன்னு தகரம் சொருகுன வேலையையும் இந்த ஊர்ல பாத்திருக்கேன். செயின்லயும் அப்படித்தான். 35-ம் நம்பர் செயின்ல பின்னுக்குப் பின்னு 9.525 மில்லி, ரேஸ் கார்ட்டுக்கு வாற 219-ல 7.774. நம்ம பைக்கு 428-ல 12.7. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. கிளட்ச்சுல இருக்க பல்லுச் சக்கரம் (ஸ்ப்ராக்கெட்டு) எஞ்சின் பக்கமா வருதா வெளிப்பக்கமா வருதாங்கிறதையும் சொல்லலேன்னா செயின் கோணிக்கும். வெர்னியர வச்சு, அளவு தெரியற மாதிரி படம் எடுத்து, எஞ்சின் மாடலையும் சேத்து அனுப்பு. அதுக்கு மேலயும் அவன் தப்பா அனுப்புனான்னா அப்போ ஒன் பக்கம் நியாயம் இருக்கு.

தப்பா வந்தா மாட்டிப் பாக்காத. ஷாஃப்ட்டுல ஏறி, கீ உக்காருற பள்ளத்துல ஒரு கீறல் விழுந்துட்டா எந்தக் கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். நானும் எடுக்க மாட்டேன். டப்பாவப் பிரிக்கும்போதே அளந்து படம் எடுத்து வச்சுக்கோ. கவ்வுற ஆர்.பி.எம். என்னன்னு கேளு. ஒரே டப்பா, ஒரே நெறம், உள்ள ஸ்பிரிங்கு வேறயா இருக்கும். ஷூ, ஸ்பிரிங்கு, புஷ்ஷு தனியா விப்பியான்னும் கேளு. முழு செட்டுதான் தருவேங்கிறவன்கிட்ட அவசரத்துக்கு வாங்கலாம், வாடிக்கை வச்சுக்கிடாத.

எரிஞ்சத "மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட்"னு சொல்லி அனுப்பலாம்னு ஒங்க மேனேஜர் சொன்னாராம்லா. நம்ம கடைக்கு ஒருத்தரு பிரஷ் கட்டர் கிளட்ச்ச எமரித் தாள் போட்டுத் தேச்சு, பெட்ரோல்ல கழுவி, புது டப்பாவுல வச்சுக் கொண்டாந்தாரு, "மாட்டவே இல்லக்கா"ன்னு. மோந்து பாத்தேன். லைனிங் எரிஞ்ச நாத்தம் பெட்ரோல்ல போகுமா? சண்டையெல்லாம் போடல, டப்பாவத் திருப்பிக் கையில குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அவரு ஒரு வாஷர் கேட்டாக்கூட டப்பாவத் தெறந்து காட்டிட்டுத்தான் துட்டு வாங்குதேன். கடைக்காரங்க ஏசாம இருந்தாங்கன்னா மறந்துட்டாங்கன்னு அர்த்தமில்ல.

2023 டிசம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சே, தண்ணி வடிஞ்ச மறுநாள்லருந்து நனைஞ்ச பம்பும் ஸ்பிரேயரும் கடை வாசல்ல மலையாக் குமிஞ்சுச்சு. கையில சரக்கு இல்ல, நம்ம சரக்கே பாதி சேத்துக்குள்ள. மதுரை ஹோல்சேல்காரரு ஒரு போன்ல அட்வான்ஸ் கேக்காம லோடு ஏத்துனாரு. நான் ஒண்ணும் அவருக்குச் சொந்தமில்ல. பில்லு தேதி தாண்டாமக் கணக்க முடிச்சிருக்கேன், வம்பா எதையும் திருப்பி அனுப்புனதில்ல, அவ்வளவுதான். ஒங்க டிராக்குக்கு அந்தக் கோயம்புத்தூர் கடையில பழைய பாக்கி நிக்கின்னு நீயே சொன்னியே? மொதல்ல அத முடிக்கச் சொல்லு. பொறவு காலையில கடை தெறந்ததும், கூட்டம் சேரதுக்கு முன்னாலப் போன் போடு. சனிக்கிழமை சாயந்தரம் போட்டுக் கத்துனா கவுன்டர் பையன்தான் எடுப்பான், அவனுக்கு வெலையும் தெரியாது, வெவரமும் தெரியாது. டெல்லிக்காரரு வெல கம்மிதான். ஆனா சீசன் சமயத்துல பார்சல் வந்து சேருற வரைக்கும் வண்டி நிக்குமே, அதையும் வெலையோட கூட்டிப் பாரு. ரெண்டு பேரையும் கைவிடாத.

அலமாரியில எப்பவும் ஒரு முழு கிளட்ச், கொஞ்சம் புஷ்ஷு, ஸ்பிரிங்கு செட்டு, செயின் லாக்கு இருக்கட்டும். சாதாப் பித்தளையில புஷ்ஷு கடைஞ்சு தாங்கப்பான்னு கேட்டிருந்த. அப்பா முடியாதுன்னுட்டாவ. இதுல வாறது எண்ணெய் ஊறுன வெண்கலம், பொடியா அமுக்கிச் செய்யுறது. லேத்துல சீவுன பித்தளை ஒரு வாரம் தாங்காதுங்காவ. டிரம்ம ரெண்டையும் திருப்பி அனுப்பல. நீலம் பாஞ்சதக் கடைஞ்சு மறுபடி மாட்டலாம்னு ஒனக்கு ஆச வரும், அதனால இங்கயே இருக்கட்டும்.

நாளைக்கு வண்டிய எறக்குறதுக்கு முன்னால ஷாஃப்ட்ட அளந்து, செயின் நம்பரையும் ஐடிலிங்கையும் எனக்கு அனுப்பு. நான் பாத்துட்டுச் சொன்ன பொறவு சப்ளையருக்குப் போடு. அளக்க வெர்னியர் இல்லேன்னு மட்டும் சொல்லிராத, போன தீவாளிக்கு வந்தப்போ நீ எடுத்துட்டுப் போனது அப்பாவோடதுதான், அவிய இன்னும் தேடிட்டு இருக்காவ.

அன்புடன்,
அம்மா