சிசேரியன் சீட்டில் விடுபட்டுப் போகும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிசேரியன் பிரசவங்கள் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். மருத்துவமனைகள் பணத்துக்காக வயிற்றைக் கிழிக்கின்றன என்று ஒரு சாராரும், இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி பொறுக்கும் திராணி இல்லை என்று இன்னொரு சாராரும் எழுதியிருந்தார்கள். அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கர்ப்பத்தில் சிக்கல் இருப்பதாகச் சொல்லப்பட்டு, வலிக்குக் காத்திருப்பதா, தேதி குறித்து அறுவைக்குப் போவதா என்று தவித்து நிற்கும் பெண் அந்தக் கடிதங்கள் எதிலும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையை மறுப்பதற்கில்லை. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்துப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அதற்கு முந்தைய ஆய்வில் மாநிலத்தின் அளவு 34.1தான். ஆனால் நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிற எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, தனக்கு எது ஏற்றது என்பதை இந்த எண்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. பத்து முதல் பதினைந்து விழுக்காடு போதும் என்று 1985இல் சொன்ன உலக சுகாதார நிறுவனமே, 2015இல், ஒரு விகிதத்தை எட்டிப்பிடிக்க முயல்வதைவிடத் தேவைப்படும் பெண்ணுக்கு அறுவை கிடைக்கச் செய்வதில் கருத்தைச் செலுத்துங்கள் என்று கூறியது.

சிக்கல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. வயிற்றுப் பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சு கருப்பையின் வாயை முழுவதுமாக மூடியிருந்தால் அங்கே தேர்வு என்பதே கிடையாது. வலி எடுத்து வாய் திறக்கத் தொடங்கினால் இரத்தம் குடம் குடமாகப் போகும் என்பதால், அதற்கு முன்பே, பெரும்பாலும் 36, 37 வாரங்களில், அறுவை செய்தாக வேண்டும். ‘எங்கள் வீட்டில் ஒன்பது பிள்ளையும் சுகப்பிரசவம்தான்’ என்று மாமியார் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், மருமகளின் காலடியில் பாவாடை நனைந்து தரையில் இரத்தம் பரவியதை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம், ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்று எழுதியிருந்தாலே அறுவைதான் என்று கலங்கிப்போகிறவர்களும் உண்டு. கருப்பை வளர வளர நஞ்சு பெரும்பாலும் மேலே விலகிவிடும். 32ஆவது வாரத்தில் ஒருமுறையும், தேவைப்பட்டால் 36இல் மறுமுறையும் பார்த்த பிறகே எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரத்த அழுத்தம் அப்படியல்ல. கர்ப்பகால இரத்த அழுத்தம் முற்றினால் பிள்ளையை வெளியே எடுப்பதே வைத்தியம். ஆனால், எடுப்பது என்றால் வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 37 வாரம் கடந்த எத்தனையோ பெண்களுக்கு வலிக்கு மருந்து வைத்து, அழுத்தத்தை மணிக்கு மணி பார்த்துக் குறித்து, இயல்பாகவே பிரசவம் பார்த்திருக்கிறோம். இரட்டைப் பிள்ளைகளில் முதல் பிள்ளையின் தலை கீழே இருந்தால், முன்கூட்டியே திட்டமிட்ட அறுவையால் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்று 2,800 தாய்மார்களிடம் நடத்தி 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. கால் பக்கமாக இறங்கும் பிள்ளையின் கதை வேறு. 26 நாடுகளில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அறுவைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின், அந்தப் பிரசவத்தைப் பார்க்கும் கைப்பழக்கமே மருத்துவர்களிடம் அற்றுப்போய்விட்டது. பழகாத கையை நம்பி இறங்குவதைவிட அறுவையே மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 37ஆவது வாரத்தையொட்டி வயிற்றின் மேல் கைவைத்துப் பிள்ளையைத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று இருப்பதையும், ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கைகூடுவதையும் எத்தனை பெண்களிடம் சொல்கிறார்கள்?

‘கொடி சுற்றியிருக்கிறது’ என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டு மிரண்டு அறுவைக்குச் சம்மதித்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை. கொடி கழுத்தைச் சுற்றியபடி பிறக்கும் பிள்ளைகளை வாரத்துக்குப் பலமுறை கையில் வாங்கியவள் நான். தலை வெளிவந்ததும் இரண்டு விரலை உள்ளே விட்டுக் கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டால், பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு தடுமாறினால்தான் அது வேறு விஷயம். இன்னொரு பக்கம், நட்சத்திரம் பார்த்து ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து, 37ஆவது வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிய குடும்பங்களும் உண்டு. அவசரம் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறும் வாய்ப்புக் கூடும் என்றால், அவர்கள் பஞ்சாங்கத்தைக் காட்டுவார்கள்.

இவ்வளவு பேச்சிலும் அந்தப் பெண்ணின் குரல் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கணவரோ மாமியாரோ கையெழுத்திடுகிறார்கள். அவள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றும், சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை அந்த நோயாளிக்கே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் கையெழுத்துக்கே இந்த நிலை என்றால், மாமியாரின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் வீட்டு விஷயம். என் மகளுக்கு முதல் பிரசவம் வெளியூரில், ஒரு தனியார் மருத்துவமனையில், 29ஆவது வாரத்தில் நடந்தது. இரத்த அழுத்தம் எகிறியிருந்தது, பிள்ளை குறுக்கே கிடந்தது. அறுவை செய்தது சரி. அதனால்தான் இருவரும் பிழைத்தார்கள். என் குறை டிஸ்சார்ஜ் சீட்டைப் பற்றியது. அதில் தேதி, பிள்ளையின் எடை, மாத்திரைகளின் பெயர், ‘அவசர சிசேரியன்’ என்ற இரண்டு சொற்கள் ஆகியவை மட்டுமே இருந்தன. கருப்பையில் எந்த இடத்தில், எந்த வாக்கில் வெட்டினார்கள் என்பது இல்லை. வெளித்தோலில் இருக்கும் தழும்பு அதைச் சொல்லாது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், அடுத்த முறை வலி எடுக்கும்போது தையல் விடும் ஆபத்து ஏறத்தாழ இருநூறில் ஒன்று. அப்படிப்பட்டவர்களில் முயன்று பார்க்கும் நால்வரில் மூவர் அளவுக்கு இயல்பாகப் பெற்றெடுக்கிறார்கள். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தாலோ ஆபத்து பல மடங்கு, வலிக்கு விடவே கூடாது. கீழ்ப்பகுதி சரியாக உருவாகாத 29ஆவது வாரத்தில், அதுவும் குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு, நெடுக்கு வெட்டு தேவைப்பட்டிருக்கக்கூடும்.

நான்கு ஆண்டுகள் கழித்து மகள் மறுபடி உண்டானபோது அந்த மருத்துவமனையில் கேட்டோம். பழைய கோப்புகள் இல்லை என்றார்கள். உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டதால் சண்டை போடவும் வழியில்லை. 31 ஆண்டுகள் இதே வேலையில் இருந்த நானே அப்போது கேட்டு வாங்கத் தவறியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் முறை பார்த்த பெண் மருத்துவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் கருப்பையை வரைந்து, இரண்டு வெட்டுகளையும் காட்டி, “எது என்று தெரியாத தையலை நம்பி உங்களை வலிக்கு விட எனக்குத் தைரியம் இல்லை” என்று, என்னைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்துச் சொன்னார். மகள் ஓர் இரவு யோசித்தாள். வலி எடுப்பதற்கு முன்பே, 37ஆவது வாரத்தில் அறுவை என்று அவளே முடிவெடுத்தாள்.

பிள்ளைக்கு மூச்சு வேகமாக ஓடியதால் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்ததில், பழைய தையல் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் இருந்ததாம். அந்த ஒரு வரி சீட்டில் இருந்திருந்தால் அவள் வலிக்குக் காத்திருந்திருப்பாளா, அறுவையையே கேட்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் 37ஆவது வாரத்தில் அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசு பதிவு செய்து கொடுக்கும் பிக்மி எண் இருக்கிறது, தாய்சேய் நல அட்டை இருக்கிறது. அறுவைக்கான காரணம், கருப்பையில் வெட்டிய இடமும் வாக்கும், அடுத்த பிரசவத்துக்கு வலிக்குக் காத்திருக்கலாமா என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுப்பதை அரசு, தனியார் இரண்டுக்கும் கட்டாயமாக்குங்கள். திட்டமிட்ட அறுவையாக இருந்தால், 36ஆவது வாரத்திலேயே அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்து இதைப் பேசுங்கள்.

இந்த முறை டிஸ்சார்ஜ் ஆகும்போது, நாங்கள் கேட்காமலேயே, சீட்டின் அடியில் அந்த மருத்துவர் தம் கைப்படத் தமிழில் எழுதியிருந்தார்: ‘இரண்டு முறையும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு.’ மகள் அதை நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.