எங்கள் அடுப்பை மறுபடியும் எரியவைத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், தூத்துக்குடியின் மற்றத் தெருக்களிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பனிமய மாதா கோவில் கொடியேறும் ஜூலை 26-க்குள், வெள்ளத்தில் கெட்டுப்போன எங்கள் பேக்கரி அடுப்பைச் சரிசெய்து, அதில் மக்ரூன் (முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த எங்கள் ஊர் இனிப்பு) போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. போட்டுவிட்டோம். கடைக்கு வந்தவர்களிடம் நேரில் நன்றி சொன்னால், “இதற்கெல்லாம் நன்றியா?” என்று கேட்டுவிட்டு, கையில் கொடுத்த பொட்டலத்துக்குக் காசையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுத்தில் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று முக்கால்வாசிப் பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒருவர் பெயரும் இதில் இல்லை. யார் யாரென்று தெருவுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரே ஒரு கணக்கு: பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓர் ஆண்டு முழுவதும் இந்தப் பக்கத்தில் பெய்யும் மழையைவிட அது அதிகம். மழை போதாதென்று கோரம்பள்ளம் குளமும் உடைத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருள் புரியும். ஆண்டு முழுவதும் வாங்கிய கடனை அந்த ஒரு மாதத்தில்தான் அடைக்கிறோம். மைதா மூட்டைகள், சீனி மூட்டைகள், கேக்குக்கு ஊறிக்கொண்டிருந்த பழங்கள் எல்லாம் கடைக்குள் இருந்தன. தண்ணீரும் கடைக்குள் வந்தது. இடுப்பளவு.

மூட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அடுப்பு அப்படியல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

எங்கள் தாத்தா சிறுவயதில் கொழும்புக்குப் போனவர். அங்கே ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவத் தொடங்கி, மாவு பிசைந்து, கடைசியில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டராக உயர்ந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ஊர் வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்த முதல் அந்தக் கைவேலை மட்டும்தான். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வாடகை அறையில் கடை போட்டார். அப்போது கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது. தொலைவில் கடலிலேயே நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அந்தத் தோணிக்காரர்களும் மூட்டை தூக்குபவர்களும்தான் தாத்தாவின் முதல் வாடிக்கையாளர்கள். விடியற்காலையில் டீயும் பன்னும். மக்ரூன் வாங்குமளவுக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. அது துரைமார் வீடுகளில் பழகிய பெரிய குடும்பங்களுக்கு, கல்யாணத்துக்கு, மாதா திருவிழாவுக்கு. பன் விற்ற காசில்தான் கடை நடந்தது. இப்போதும் அப்படித்தான். ஊருக்குப் பெயர் வாங்கித் தருவது மக்ரூன், எங்களுக்குச் சோறு போடுவது பன்.

1974-இல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே அங்கே போய்விட்டன. கூலிக்காரர்களும் போய்விட்டார்கள். தாத்தா கடையைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தார். அப்போது இங்கே ஒரு விறகுக் கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு தகரக் கடை இருந்தன. விறகுக் கடை இருந்த இடமாகப் பார்த்துத்தான் பேக்கரிக்கு இடம் பிடித்ததாக ஆச்சி சொல்வார். வண்டிக்கூலி மிச்சம்.

அடுப்பைக் கட்டியதும் அப்போதுதான். செங்கல் அடுப்பு. அடித்தளத்தில் மணல், உடைந்த கண்ணாடித் துண்டுகள், அதற்கு மேல் உப்பு. சூடு உடனே இறங்காமல் பிடித்துவைக்கத்தான் இவையெல்லாம். உப்பு எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளே இல்லை என்பதால் தாத்தா தாராளமாகவே கொட்டியிருக்கிறார். மக்ரூனுக்கு இந்தச் சூடுதான் உயிர். வெள்ளைக்கருவை நுரை கெட்டியாகும்வரை அடித்து, சீனி சேர்த்து, முந்திரிப் பொடியை மெதுவாகக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிக் கையால் பிழிய வேண்டும். பொருள் மூன்றே மூன்றுதான். ஆனால் கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் வைத்தால் நிறம் மாறிவிடும். காலையில் ரொட்டி, மதியம் பன்னும் ரஸ்க்கும் என்று வேலை முடிந்து, நெருப்பை வாரியெடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் சூட்டில், இரவு முழுவதும் உள்ளேயே கிடந்து காய வேண்டும். எரிவாயு அடுப்பிலும் போடலாம், போடுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

மக்ரூன் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பாதாம் இருந்த இடத்தில் முந்திரியைப் போட்டது யார் கை என்பதற்குக் கடைக்கு ஒரு கதை உண்டு. தாத்தாவிடம் கேட்டால், “யார் கொண்டுவந்தால் என்ன, ஈரம் பட்டால் போயிற்று” என்பார்.

அந்த அடுப்புக்குள்தான் தண்ணீர் புகுந்தது. உப்பு கரைந்து, மணல் இறங்கி, தளம் நடுவில் குழி விழுந்துவிட்டது.

இனி நன்றிகள். வரிசை எதுவும் இல்லை. நினைவுக்கு வந்தபடி எழுதுகிறேன்.

திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்த சகோதரர்களுக்கு. அந்த நாட்களில் அவர்கள் எத்தனை வீட்டு மாடியிலிருந்து எத்தனை பேரை இறக்கினார்கள் என்று அவர்களே எண்ணியிருக்கமாட்டார்கள். எங்கள் மாடியிலிருந்து இறக்கியது ஆச்சியை. ஆச்சி மருந்துப் பையை மறந்துவிட்டு, ஈரம் படாமல் மேலே எடுத்துவைத்திருந்த முந்திரி டின்னை ஏற்றினால்தான் ஏறுவேன் என்று நின்றார். தண்ணீர் ஓடும் வேகத்தில் யாராக இருந்தாலும் திட்டியிருப்பார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே முதலில் டின்னை இறக்கினார்கள். மருந்துப் பைக்காக இன்னொரு முறை வந்தார்கள். டீசலுக்குக் காசு கொடுக்கப்போன அண்ணனைப் படகிலிருந்து இறக்கிவிட்டுவிடுவதாக மிரட்டினார்களாம்.

அடுத்த தெருப் பேக்கரிக்கு. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து பன் விலையில் நாங்கள் ஏற்றினால் அவர்கள் ஏற்றமாட்டார்கள், அவர்கள் ஏற்றினால் நாங்கள் ஏற்றமாட்டோம். மாஸ்டர்களை இழுத்துக்கொண்ட கதைகள் இரண்டு பக்கமும் உண்டு. அவர்கள் கடை மேட்டில் இருப்பதால் அடுப்பு தப்பித்தது. தண்ணீர் வடிந்த அன்று மாலை அந்த அண்ணாச்சி சேற்றில் நடந்துவந்து, “கிறிஸ்துமஸ் ஆர்டர் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள்?” என்றார். சொன்னோம். “ராத்திரி பாதி அடுப்பு உங்களுக்கு” என்றார். மக்ரூன் இரவு முழுவதும் அடுப்பில் கிடக்க வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? பாதி அடுப்பைக் கொடுத்தால் அவருடைய சரக்கில் பாதி குறையும், அதுவும் ஆண்டிலேயே விலை அதிகம் போகும் நாட்களில். அந்த இரவுகளில் எங்கள் மாஸ்டரும் அவர்கள் மாஸ்டரும் ஒரே மேசையில் நின்று கூம்பு பிழிந்தார்கள். ஆச்சி காப்பாற்றிய டின் முந்திரி அங்கேதான் செலவானது. அட்டைப்பெட்டியில் எங்கள் கடைப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னதால், மூலை அச்சகத்தில் ஈரம் படாத காகிதத்தைத் தேடியெடுத்து, மின்சாரம் திரும்பிய சில மணி நேரத்துக்குள் லேபிள் அடித்துத் தந்தார்கள். அச்சகத்தில் அடுத்த ஆண்டுக் காலண்டர் முழுவதும் நனைந்து கிடந்த நேரம் அது.

அண்ணாச்சி, பன் விலையை இந்த மாதம் நாங்கள் ஏற்றப்போவதில்லை. நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம்.

புரோட்டாக் கடைக்கு. எங்கள் ஊரில் ‘நைட் கிளப்’ என்றால் புரோட்டாக் கடை என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியே எங்களுக்கு வயதாகிறது. மக்ரூனுக்கு வெள்ளைக்கரு போக மிஞ்சும் மஞ்சள்கரு முழுவதும் மாலையில் வாளியில் அங்கே போகும். பதிலுக்கு இரவு வேலை பார்ப்பவர்களுக்குச் சால்னாவோடு புரோட்டா வரும். இதற்குக் கணக்கு எழுதியதே இல்லை. அடுப்பு அணைந்து கிடந்த மாதங்களில் எங்களிடமிருந்து ஒரு வாளிகூடப் போகவில்லை; புரோட்டா மட்டும் வந்துகொண்டே இருந்தது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேர்த்து.

கொத்தனாரைச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு இந்த அடுப்பைக் கட்டியவரின் மகன் அவர். இப்போது வீடு கட்டும் வேலைக்கு வருபவர்களுக்கு வளைவுக் கூரை அடுப்பு பழக்கமில்லை. இரண்டு பேர் வந்து பார்த்து, இடித்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கச் சொல்லிப் போனார்கள். இவர் கையை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்து, “வளைவு கெட்டியாக இருக்கிறது, தரையை மட்டும் மாற்றுவோம்” என்றார். மாற்றிய பிறகு அவசரப்படவிடவில்லை. ஈரச் செங்கலில் பெரிய நெருப்பு வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிப்பு விழும். முதலில் தென்னை மட்டை, பிறகு சுள்ளி, பிறகு ஒற்றை விறகு என்று நாளுக்கு நாள் கூட்டச் சொன்னார். வெறும் அடுப்பில் தீ வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. பொறுமையில்லாத என்னை அடுப்புப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டதற்கும் அவருக்கு நன்றி.

தளத்துக்கு உப்பு வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள் என்று மேலே எழுதிய உப்பு அந்த நேரத்தில் எளிதாகக் கிடைக்கவில்லை. உப்பளங்களில் குவித்துவைத்திருந்த அம்பாரங்கள் வெள்ளத்தில் கரைந்துவிட்டன. பாத்திகள் முழுவதும் சேறு. தன் இழப்பே பெரிதாக இருந்தபோது, அம்பாரத்தின் அடியில் எஞ்சிய பழுப்பு உப்பைச் சாக்குகளில் கட்டி அனுப்பிய உப்பள முதலாளிக்கு நன்றி. “சாப்பிட ஆகாது, அடுப்புக்கு ஆகும்” என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்.

பழைய முட்டைப் பாக்கியைக் கேட்காமல் புதிதாக முட்டை இறக்கிய நாமக்கல் முட்டை வியாபாரிக்கும், முன்பணம் இல்லாமல் முந்திரி அனுப்பிய கொல்லத்து வியாபாரிக்கும் நன்றி. துருப்பிடித்த தட்டுகளைத் தட்டி நிமிர்த்தித் தந்த தகரக் கடைக்கும், தன் தையல் எந்திரங்கள் நீரில் மூழ்கிய நிலையிலும் எங்கள் கடையைக் கழுவ வந்த தையல்கார அக்காவுக்கும் நன்றி. காப்பீட்டைப் பற்றியும் எழுதலாம். ஆனால் இது நன்றி மடல்.

எல்லாவற்றையும்விட எங்களைத் திணறவைத்தது பற்று நோட்டு. கடன் சொல்லி வாங்குபவர்களின் கணக்கு முழுவதும் அந்த ஒரு நோட்டில்தான் இருந்தது. வெள்ளம் வடிந்தபோது அது கூழாகிக் கிடந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சான்றும் இல்லை. இதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று அண்ணன் சொன்னான். ஆச்சி தெரு முழுவதும் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தாங்களே தொகையைச் சொன்னார்கள். சிலர் சொன்ன தொகை எங்கள் நினைவில் இருந்ததைவிடக் கூடுதல். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, மழைக்காலத்தில் எப்போதுமே வேலை இல்லாதவர், பாத்திகள் சேறாகிவிட்டதால் வேலை தொடங்குவதும் தள்ளிப்போயிருந்த நேரத்தில் வந்தார். பிள்ளைகளுக்கு வாங்கிய ரொட்டிக் கணக்கு. “பிறகு கொடுங்கள்” என்றால் கேட்கவில்லை. “நோட்டு இருந்தால் பிறகு கொடுப்பேன். இல்லாததால் இப்போதே கொடுக்கிறேன்” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பணத்தில்தான் கொத்தனாருக்கு முதல் கூலி கொடுத்தோம்.

வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கும். அதைப் பற்றி எங்களுக்குப் பேச்சில்லை.

கடைசியாகச் சில செய்திகள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முன்பணம் கட்டி, வெள்ளத்தில் வெளியூர் போய்விட்ட சிலருக்கு எங்களால் கேக்கும் தர முடியவில்லை, பணமும் தர முடியவில்லை. ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள். நீங்கள் சொல்வதுதான் கணக்கு. திருவிழா முடியும் ஆகஸ்ட் 5 வரை கடை இரவு நெடுநேரம் திறந்திருக்கும். மக்ரூனைக் காற்றுப் புகாத டின்னில் வைத்துக்கொள்ளுங்கள்; பிளாஸ்டிக் பையில் கட்டித் தரச் சொல்லிவிட்டுப் பிறகு பிசுபிசுக்கிறது என்று சொல்லாதீர்கள்.

விறகுக் கடை அண்ணாச்சிக்குத் தனியாக ஒன்று. அடுப்பு காயவைக்க அனுப்பிய விறகுக்கு இன்னும் பில் வரவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பியும் “பார்க்கலாம்” என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். இந்த வாரத்துக்குள் பில் வராவிட்டால் ஆச்சி நேரில் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார் என்பது படகுக்காரர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பேக்கரி வீட்டின் மூன்றாம் தலைமுறை