மாப்ளைக்கு, 45 ஸ்பீடுல

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி நல்லா இருக்கா, சுகர் கன்ட்ரோல்ல இருக்கா. நான் நல்லா இருக்கேன், லண்டன்ல மழை, நலம் விசாரிப்பு முடிஞ்சது. பதினாலு மாசமா ஒரு போன் இல்லன்னு நீ திட்டுவ, திட்டு, ஆயுத பூஜைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின பொரிகடலை படத்தை நீ கணக்குலயே சேத்துக்க மாட்டன்னு தெரியும்.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, ஒரு ரெக்கார்டு. போன சனிக்கிழமை பழைய சாமான் கடையில கண்ணாடி கிளாஸ் வாங்கப் போயி (நம்ம வீட்ல கிளாஸ் உடையுற வேகம் உனக்குத் தெரியுமே) கிளாஸை மறந்துட்டு ஒரு ஏழு இன்ச் சிங்கிளோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்ன இசைத்தட்டு) திரும்பி வந்தேன், அம்பது பென்ஸ். இஎம்ஐங்கிற ரெக்கார்டு கம்பெனி லேபிள், 1975, 'மேக் மீ ஸ்மைல்', அடைப்புக்குறிக்குள்ள 'கம் அப் அண்ட் சீ மீ'. ஸ்டீவ் ஹார்லி & காக்னி ரெபல், ஹார்லி பாடகர், காக்னி ரெபல் அவரோட ராக் குரூப். கவர்ல யாரோ பால்பாயின்ட் பேனாவால பேர் எழுதி, அப்புறம் அதை அடிச்சு அடிச்சு அழிச்சிருக்காங்க. அதுவே ஒரு தனிக் கதை போல, விடு.

வீட்டுக்கு வந்து போட்டா, பிளேயர் 33 ஸ்பீடுல கிடந்திருக்கு (சிங்கிளுக்கு 45 வேணும், நிமிஷத்துக்கு அத்தனை சுத்து), நான் பாக்கல. மாப்ள, துக்க வீட்ல யாரோ தொண்டை அடைச்சுப் பாடுற மாதிரி ஒரு குரல். என் வீட்டுக்காரி கிச்சன்ல இருந்து எட்டிப் பாத்து "யாருங்க செத்தது"ன்னு கேட்டுட்டா. 45-க்கு மாத்தினேன், உடனே கல்யாண வீடு ஆயிடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ஹார்லி அந்தப் பாட்டை முதல்ல எழுதினதே மெதுவா, இருட்டா, புளூஸ் மாதிரிதானாம், ஸ்டுடியோவுலதான் அது வேகமெடுத்திருக்கு. நான் தப்பா போட்டதுதான் ஒருவகையில ஒரிஜினல்!

இந்த ஊர்ல இதை காதல் பாட்டுன்னு நினைச்சுப் பாடுறாங்க, பப்ல, கல்யாணத்துல, எல்லா இடத்துலயும். ஆனா இது வசவு மாப்ள. 1974 ஜூலைல டூர் முடிஞ்ச கையோட குரூப்ல மூணு பேர் பிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, வயலின், கீபோர்டு, பாஸ் கிட்டார் வாசிச்சவங்க. எங்களுக்கும் பாட்டு எழுத இடம் குடுன்னு கேட்டிருக்காங்க, ஹார்லி முடியாதுன்னுட்டாரு. டிரம்மர் மட்டும் கூட நின்னாரு. மனுஷன் கோவத்துல உக்காந்து அவங்களுக்கு எழுதினதுதான் இது, ஆட்டத்தையே கெடுத்துட்டீங்களேடா, வெறும் சில்லறைக்காகவான்னு. அப்புறம் புது ஆளுங்களை வச்சு அபி ரோடு ஸ்டுடியோவுல ரெக்கார்டிங், கூட தயாரிச்சது ஆலன் பார்சன்ஸ். 1975 பிப்ரவரில இங்கிலாந்து பாட்டு வரிசையில நம்பர் ஒன், ரெண்டு வாரம். அதுக்கு முன்னாடி நம்பர் ஒன்ல உக்காந்திருந்த பைலட் குரூப்போட 'ஜனவரி'யும் அதே பார்சன்ஸ் தயாரிச்சதுதான், தன் பாட்டைத் தானே தள்ளி விட்டிருக்காரு. ஹார்லிக்கு 24 வயசு முடிஞ்சதே அந்த ரெண்டு வாரத்துக்குள்ளதான். லேபிளைப் பாரு, அதுவரைக்கும் வெறும் காக்னி ரெபல், இப்ப அவர் பேர் முன்னாடி! யார் ஞாபகம் வருது சொல்லு? 'மதுரை மாப்ள & குழுவினர்'னு நம்ம கச்சேரிக் குழுவுக்கு நீ தனியா பேனர் அடிச்ச பாரு, அதேதான்.

சொல்லிடுறேன், ரெண்டு நாள் நான் ஹார்லி கட்சியா இருந்தேன். துரோகம், முதுகுல குத்துறதுன்னு பாட்டு கூடவே பொங்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் பாத்திரம் தேய்க்கறப்ப உறைச்சது, நான் எங்கடா ஹார்லி, நான் அந்த மூணு பேர்ல ஒருத்தன். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கறப்ப நம்ம குழுல இருந்து ஒல்லியையும் மொட்டையையும் கிளப்பிக்கிட்டுப் போனது நான்தானே. எஸ்.பி.பி. பாட்டு எல்லாம் உனக்கு, எனக்கு எட்டு வருஷமா ஹம்மிங், ஒண்ணே ஒண்ணு குடுடான்னா "உன் குரல் மைக்குக்கு ஒத்துவராது"ன்ன. கேட்டது தப்பில்லன்னுதான் இப்பவும் சொல்வேன். நாலு நாள் முன்னாடி போனது தப்பு. அதை நான் உன்கிட்ட சொன்னதே இல்ல.

ஹம்மிங்னதும் ஞாபகம் வருது, இந்தப் பாட்டுல பின்னாடி "ஊ லலலா" பாடின பொண்ணுங்கள்ல ஒருத்தர் டினா சார்ல்ஸ், அடுத்த வருஷமே, 1976-ல, அவங்க தனியா பாடின பாட்டு நம்பர் ஒன். குறிச்சு வச்சுக்க. நடுவுல ஜிம் கிரெகன் வாசிக்கிற அந்த கிட்டார் சோலோ இருக்கே, அதுக்கே அம்பது பென்ஸ் தகும். ஆனா என்னைப் பிடிச்சது வேற இடம். கோரஸுக்கு முன்னாடி பாட்டு டக்குனு நின்னுடும். எல்லாரும் நிறுத்திடுவாங்க. போன்ல கேட்டா அங்க சும்மா ஒரு இடைவெளி, இந்த ரெக்கார்டுல அந்த இடத்துல ஊசி ஓடுற சத்தம் மட்டும் கேக்குது, பொரி வறுக்கற மாதிரி. அதுக்கப்புறம்தான் "வந்து என்னைப் பாரு"ன்னு ஆரம்பிக்கிறாரு. அது வாடான்னு கூப்பிடுறதா, இல்ல நீ இல்லாம எப்படி இருக்கேன்னு வந்து பாருடான்னு குத்துறதா, இருபது தடவை போட்டுட்டேன், ரெண்டாவும்தான் கேக்குது.

பிச்சுக்கிட்டுப் போன அந்த பாஸ் கிட்டார்காரர் பேர் பால் ஜெஃப்ரீஸ். 1988 டிசம்பர் 21, புதுசா கல்யாணம் ஆகி மனைவியோட ஹனிமூனுக்கு ஹீத்ரோல இருந்து நியூயார்க் ஃபிளைட் ஏறியிருக்காரு. ஸ்காட்லாந்துல லாக்கர்பி ஊர் மேல குண்டு வெடிச்சதே, அந்த ஃபிளைட். 36 வயசு. ஹார்லி அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா மேடை மேடையா அந்தப் பாட்டைப் பாடியிருக்காரு, பாடித்தான் ஆகணும், ஜனம் விடாது. யாரைத் திட்டி எழுதினாரோ அதுல ஒருத்தர் இல்ல, கீழ ஆயிரம் பேர் சிரிச்சுக்கிட்டே கூடப் பாடுறாங்க, அந்த நிறுத்தத்துல அவருக்கு என்ன ஓடியிருக்கும்? 2024 மார்ச்ல அவரும் போயிட்டாரு, கேன்சர், 73.

சரி அழுவாத, நானும் அழல. ஒல்லிக்கு ஆஞ்சியோ பண்ணினாங்கன்னு மொட்டை சொன்னான், நீ எனக்குச் சொல்லல, அதுக்கு தனியா சண்டை இருக்கு.

டிசம்பர் 20 மதுரை வர்றேன், மூணு வாரம். மொட்டைகிட்ட தபலா இருக்கான்னு கேளு, தோல் போயிருந்தா மாத்தச் சொல்லு, காசு நான் தர்றேன். உங்க மொட்டை மாடி போதும், மைக் வேணாம், என் குரல்தான் அதுக்கு ஒத்துவராதே. அந்த எஸ்.பி.பி. பாட்டு, எதுன்னு உனக்குத் தெரியும், இந்தத் தடவை நான் பாடுறேன்.

நீ ஹம்மிங்.

உன்
ஓடிப்போனவன்